இதெல்லாம் ஒரு பாட்டா?

ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதித் தர வேண்டும் என்று தமிழம்மா வகுப்பில் சொன்னதும், தோழியர் பலரும் காலத்தின் அருமை, மரம் வளர்ப்போம், கைப்பேசியின் தீமைகள் என்று தலைப்புகளைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். எனக்கோ எங்கள் வீட்டில் நடந்த ஒரு சண்டைதான் நினைவுக்கு வந்தது. ராக் இசையைப் பற்றிய சண்டை. "இதையெல்லாம் எழுதினால் சிஸ்டர் ஏதாவது சொல்வார்களோ" என்று தயங்கினேன். "சண்டையில் நியாயம் இருந்தால் எழுது" என்றார் தமிழம்மா. நியாயம் இருக்கத்தான் செய்கிறது. அது யார் பக்கம் என்பதில்தான் சிக்கல்.

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் தூத்துக்குடியிலிருந்து வேளாங்கண்ணிக்குக் காரில் புறப்பட்டோம். அப்பா ஓட்டினார், பக்கத்தில் அண்ணன். பின்னால் தாத்தா, அம்மா, நான். அண்ணனுக்கு வயது இருபத்து மூன்று. பெங்களூரில் வேலை பார்க்கிறான், சம்பாதிக்கிறான், தன் துணியைத் தானே துவைத்துக்கொள்கிறான். ஆகவே அவனைச் சிறு பிள்ளை என்று யாரும் சொல்ல முடியாது.

சாயல்குடி வரை அப்பாவின் பாட்டு. அதாவது மெட்டாலிக்கா. அப்பாவுக்கு மெட்டாலிக்கா என்றால் உயிர். 2011 அக்டோபர் 30 அன்று அந்தக் குழு பெங்களூர் அரண்மனை மைதானத்தில் வாசித்தபோது, ஒரு வயதுக் குழந்தையான என்னைக் காய்ச்சலோடு அம்மாவிடம் விட்டுவிட்டு அப்பா பஸ் ஏறிப் போய்விட்டார். அம்மா அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்கள். சாயல்குடி தாண்டியதும் அண்ணனின் முறை. அவன் வைத்தது டேம் இம்பாலா. பெயர் குழுவின் பெயர் போல இருந்தாலும், அது கெவின் பார்க்கர் என்ற ஆஸ்திரேலியர் ஒருவரே. பாட்டு எழுதுவது, டிரம்ஸ், கிடார், கீபோர்டு வாசிப்பது, பாடுவது, ஒலிப்பதிவு செய்வது எல்லாம் அவரேதான். மேடைக்கு மட்டும் துணைக்கு வாசிப்பவர்களை அழைத்துக்கொள்வார்.

"என்னல இது, மாவரைக்கிற மிஷின் மாதிரி ஒரே சீரா ஓடுது? கிடார் எங்க?" என்றார் அப்பா.

"இருக்குப்பா. கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க."

"ஒத்த ஆளு ரூமுக்குள்ள உக்காந்து எல்லாத்தையும் வாசிச்சா அதுக்குப் பேரு பேண்டா? இதெல்லாம் ஒரு பாட்டால?"

"உங்க காதுக்கு வயசாயிட்டுப்பா. உங்க காலம் முடிஞ்சிபோச்சு."

அம்மா முன்னால் எட்டிப் பாட்டை நிறுத்திவிட்டு, செபமாலையைக் கையில் எடுத்தார்கள். தொண்டி வரும்வரை செபத்தைத் தவிர வேறு பேச்சில்லை. தாத்தா மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதை நான் பார்த்தேன். விடுமுறை முடிந்து அண்ணன் ஊருக்குப் போகும்போது அப்பாவிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அதன் பின் இரண்டு மாதம் அம்மாவின் கைப்பேசிக்கு மட்டுமே அழைத்தான். ஒரு பாட்டுக்காகவா இப்படி என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன்.

தாத்தா ஏன் சிரித்தார் என்பதைப் பிறகு அவரே சொன்னார். மெட்டாலிக்காவின் கறுப்பு அட்டை போட்ட இசைத்தொகுப்பு 1991 ஆகஸ்டில் வெளிவந்தது. அப்பா அப்போது பள்ளி மாணவர். நண்பன் ஒருவன் பதிந்து கொடுத்த கேசட்டை நாள் முழுவதும் வீட்டில் ஓட விட்டிருக்கிறார். "தகரக் கூரையில கல்லு மழை பெஞ்ச மாதிரி இருக்கு, இது ஒரு பாட்டால?" என்று சொல்லி, தாத்தா அந்தக் கேசட்டை எடுத்து அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்துவிட்டார். அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அரிசி அளக்கப் போன பாட்டியின் கையில் கேசட் அகப்பட்டது.

சரி, தாத்தா மட்டும் என்ன கேட்டு வளர்ந்தார்? எங்கள் ஊருக்கு இலங்கை கடல் தாண்டிக் கூப்பிடு தூரம். இலங்கை வானொலி தெளிவாக விழும். அதில் ஆங்கிலப் பாட்டு கேட்டுத்தான் தாத்தா பீட்டில்ஸையும் கிளிப் ரிச்சர்டையும் மனப்பாடம் செய்தார். (கிளிப் ரிச்சர்ட் 1940-ல் லக்னோவில் பிறந்தவர் என்பதைத் தாத்தா வீட்டுக்கு வரும் எல்லோரிடமும் சொல்லிவிடுவார்.) அவருடைய அப்பாவுக்கோ தியாகராஜ பாகவதர்தான் பாடகர். 1944-ல் வெளிவந்து மூன்று தீபாவளி கண்ட 'ஹரிதாஸ்' பாட்டுகளைக் கேட்ட காதால் இந்தக் கூச்சலைக் கேட்பதா என்று வானொலிப் பெட்டியின் காதைத் திருகுவாராம்.

ஆக, எங்கள் குடும்பத்தில் "இது ஒரு பாட்டா" என்ற கேள்வி சொத்துப் போல வழிவழியாக வருகிறது. அண்ணனுக்கும் ஒரு நாள் அது போய்ச் சேரும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இதில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பெரியவர்கள் பிள்ளைகளின் பாட்டைப் பற்றிச் சொல்வது மூன்று விதம். "எனக்குப் பிடிக்கவில்லை" என்பது ஒன்று. "இது உனக்குக் கூடாது" என்பது இன்னொன்று. "இது பாட்டே இல்லை" என்பது மூன்றாவது. முதலாவதைச் சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. இரண்டாவது பெற்றோரின் கடமையாகக்கூட இருக்கும். மூன்றாவது மட்டும் பெரும்பாலும் உண்மையல்ல. ஆனால் கோபம் வந்தால் வாயில் முதலில் வருவது அந்த மூன்றாவதுதான்.

அது எங்கள் வீட்டு வழக்கம் மட்டுமன்று. அமெரிக்காவில் பிராங்க் சினாட்ரா என்ற பாடகர் இருந்தார். 1944 அக்டோபரில் நியூயார்க் பாரமவுண்ட் அரங்கில் அவர் பாட வந்தபோது, உள்ளே போக முடியாத பள்ளிச் சிறுமிகள் பல்லாயிரக்கணக்கில் தெருவை அடைத்துக்கொண்டு கத்தினார்கள். போலீஸ் வந்தது. பெற்றோர் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். அடுத்த தலைமுறையில் எல்விஸ் பிரெஸ்லி வந்தார். 1956 செப்டம்பரில் அவர் தொலைக்காட்சியில் பாடியதை ஏறத்தாழ 6 கோடிப் பேர் பார்த்தார்கள். 1957 ஜனவரியில் அதே நிகழ்ச்சியில் அவர் மறுபடி பாடியபோது, இடுப்புக்குக் கீழே ஆடுவது தெரியாதபடி மேல் பாதியை மட்டும் காட்டினார்கள். அந்த 1957-ஆம் ஆண்டில் ராக் இசையை மிகக் கடுமையான சொற்களால் திட்டி எழுதியவர் யார் தெரியுமா? சினாட்ராவேதான்! எல்விஸுக்காகக் கத்திய சிறுமிகளைக் கண்டித்த தாய்மாரில், 1944-ல் தெருவில் நின்று கத்தியவர்களும் இருந்திருக்கத்தானே வேண்டும்? முடிவு இன்னும் வேடிக்கை. 1960-ல் எல்விஸ் ராணுவச் சேவை முடிந்து திரும்பியதும், சினாட்ரா தம் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு அவரை விருந்தாளியாக அழைத்தார். இவர் பாட்டை அவரும் அவர் பாட்டை இவரும் மாற்றி மாற்றிப் பாடினார்கள்.

நம் கோயிலிலும் இது நடந்திருக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டில் குழல் ஆர்கனுக்கு உயர்ந்த இடம் கொடுத்து, தகுந்த அதிகாரிகளின் இசைவோடு மற்றக் கருவிகளையும் பயன்படுத்தலாம் என்று சொன்னார்கள். இன்று பூசையில் கிடார் ஒலிக்காவிட்டால் நமக்குக் குறையாக இருக்கிறது. எங்கள் பங்கில் முதன்முதல் கிடார் வந்தபோது, பாடற்குழுவில் ஆர்மோனியம் வாசித்த தாத்தா ஒரு மாதம் கீழே உட்கார்ந்து பூசை கண்டாராம்.

பெற்றோருக்காகவும் கொஞ்சம் வாதாட வேண்டும். அவர்கள் வேண்டுமென்று சத்தம் என்று சொல்வதில்லை; அவர்கள் காதில் அது சத்தமாகவேதான் விழுகிறது. அறிவியல் பாடத்தில் ஒலி அலையை அழகான மேடு பள்ளமாக வரைகிறோம் அல்லவா? ஒலிபெருக்கியை அதன் சக்திக்கு மேல் முடுக்கினால், அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். அப்போது மூல ஒலியில் இல்லாத புதிய அதிர்வெண்கள் கிளம்பிக் கரகரவென்று கேட்கும். ராக் கிடாரின் உறுமல் அதுதான். 1964-ல் தி கிங்க்ஸ் என்ற ஆங்கிலக் குழுவைச் சேர்ந்த டேவ் டேவிஸ், தம் பதினேழாம் வயதில், தம் சிறிய ஒலிபெருக்கியின் கூம்புத்தாளைச் சவரத் தகடால் கிழித்துவிட்டு அந்தக் கரகரப்போடேயே பாட்டைப் பதிவு செய்தார். அது பெரும் வெற்றி பெற்றது. எங்கள் தாத்தாவின் பெட்டியில் அப்படி ஓர் ஒலி வந்திருந்தால் உடனே ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார். எது பழுது, எது இசை என்பதை நாம் பதின்மூன்று பதினான்கு வயதில் கேட்ட பாட்டுகளை வைத்தே காது முடிவு செய்துகொள்கிறது போலும். அந்த வயதில் கேட்டது மனத்தில் அழியாமல் பதிவதும் அதனால்தான் என்று நினைக்கிறேன்.

அம்மாவின் வழக்கு தனி. யார் பாட்டு என்பது அவருக்குப் பொருட்டில்லை. எவ்வளவு சத்தம் என்பதே கேள்வி. அம்மா சொல்வதில் நியாயம் உண்டு. 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் கேட்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. சத்தம் கூடக் கூட நேரம் மளமளவென்று குறையும். 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்சென்ட் அத்தகைய சத்தத்தால் காது பழுதானவர். இதில் அப்பா, அண்ணன் இருவருமே குற்றவாளிகள்.

இனி அந்த இரண்டாவது வாக்கியம்: கூடாது என்பது. 1980-களில் வாஷிங்டனில் டிப்பர் கோர் என்ற தாய், பதினொரு வயது மகளுக்காகப் பிரின்ஸ் என்ற பாடகரின் இசைத்தட்டை வாங்கினார். அதில் ஒரு பாட்டின் சொற்கள் சிறு பெண் கேட்கத் தகாதவை. அதிர்ந்துபோனவர் வேறு சில தாய்மாரையும் சேர்த்துக்கொண்டு போராடினார். 1985 செப்டம்பர் 19 அன்று அமெரிக்கச் செனட் சபைக் குழுவின் முன் விசாரணையே நடந்தது. கடைசியில் தகாத சொற்கள் உள்ள தட்டுகளின் மேல் பெற்றோருக்கு எச்சரிக்கைச் சீட்டு ஒட்டத் தட்டுக் கம்பெனிகள் இசைந்தன. அந்த அம்மையார் இசைக்குப் பகையானவர் அல்லர். பள்ளி நாளில் பெண்கள் மட்டுமே இருந்த ஒரு குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். அவர் சொன்னது "பாட்டே இல்லை" என்றல்ல, "என் பதினொரு வயது மகளுக்குக் கூடாது" என்று. அது தாயின் வேலை. நான் அந்த இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் அதே விசாரணையில் ஜான் டென்வர் என்ற சாந்தமான பாடகர் வந்து ஒன்று சொன்னார். மலையின் அழகைப் பற்றி அவர் எழுதிய பாட்டைப் போதைப் பொருள் பற்றியது என்று தவறாக எண்ணிச் சில வானொலி நிலையங்கள் ஒதுக்கிவைத்தனவாம். "கூடாது" என்று சொல்கிறவர், பாட்டை முழுவதும் கேட்டுவிட்டுச் சொல்ல வேண்டும் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பிள்ளை வளர்ந்துவிட்டால் "கூடாது" என்பதற்கு வேலை குறைந்துவிடுகிறது. அண்ணனுக்கு இருபத்து மூன்று வயது. அவன் பாட்டில் தகாத சொல் இருப்பதாக அப்பாவும் சொல்லவில்லை. அவருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவே. அதை அந்த ஒரு சொல்லோடு நிறுத்தியிருக்கலாம்.

அண்ணனை மட்டும் விட்டுவிடுவேனா? "உங்க காலம் முடிஞ்சிபோச்சு" என்று அவன் சொன்னபோது அப்பாவின் முகம் போன போக்கைக் கண்ணாடியில் நான் பார்த்தேன். ஒருவருடைய பதினாறு வயதுப் பாட்டைப் பழித்தால், நாம் பிறப்பதற்கு முன் அவர் யாராக இருந்தாரோ அந்தப் பையனையே பழித்ததாகிறது. அந்தப் பையனை நமக்குத் தெரியாது. பாட்டின் வழியாக மட்டும் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம்.

இந்த இடத்தில் லிவர்பூல் நகரத்து அப்பா ஒருவரைப் பற்றிச் சொல்ல எனக்கு ஆசை. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னியின் தந்தை ஜிம். 1902-ல் பிறந்தவர், பஞ்சு வியாபார நிறுவனத்தில் விற்பனையாளர். 1920-களில் தம் பெயரிலேயே சிறிய ஜாஸ் குழு ஒன்றை நடத்தி டிரம்பெட்டும் பியானோவும் வாசித்தவர். பாலுக்குப் பதினான்கு வயது பிறந்தபோது தம்முடைய இசையில் மகனும் வளரட்டும் என்று டிரம்பெட் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். அந்த ஆண்டே, 1956 அக்டோபரில், பாலின் தாய் இறந்துபோனார். இரண்டு பையன்களையும் ஜிம் ஒருவரே வளர்த்தார். பாலுக்கோ டிரம்பெட்டை வாயில் வைத்துக்கொண்டு பாட முடியவில்லையே என்ற குறை. அப்பாவிடம் கேட்டே அதைக் கடையில் கொடுத்துக் கிடாராக மாற்றிக்கொண்டான். எங்கள் தாத்தா என்றால் டிரம்பெட்டையும் அரிசிப் பானையில் போட்டிருப்பார்!

ஜிம் எல்லாவற்றுக்கும் தலையாட்டியவர் என்று எண்ண வேண்டாம். இறுக்கமான கால்சட்டை கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மகன் ஒரே கால்சட்டையைக் கொஞ்சங் கொஞ்சமாகப் பிடித்துத் தைக்கக் கொடுத்து அப்பாவின் கண்ணை ஏமாற்றினான். 1963-ல் பாலும் ஜான் லெனனும் அந்த வீட்டில் ஒரு பாட்டை முடித்து ஜிம்முக்குப் பாடிக் காட்டினார்கள். நன்றாக இருக்கிறது என்றவர், ஒரு குறை சொன்னார். "ஆமாம்" என்பதற்கு அமெரிக்கர்கள் வழங்கும் கொச்சைச் சொல் திரும்பத் திரும்ப வருகிறதே, அதை நல்ல ஆங்கிலத்தில் மாற்றிப் பாடக்கூடாதா என்று. பையன்கள் சிரித்தார்கள். மாற்றவில்லை. அந்தக் கொச்சைச் சொல்லோடுதான் அது உலகம் சுற்றியது. எங்கள் தாத்தாவின் காதுக்கும் இலங்கை வழியாக வந்து சேர்ந்தது.

மகன் அப்பாவின் சொல்லைக் கேட்கவில்லை. ஆனால் அப்பாவின் இசையைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். 1967-ல் பீட்டில்ஸ் வெளியிட்ட தொகுப்பில் அறுபத்து நான்கு வயதைப் பற்றிய ஒரு பாட்டு, அச்சு அசல் ஜிம் காலத்து மெட்டு போல அமைந்திருக்கிறது. ஜிம் அதற்கு முந்தைய ஆண்டுதான் அறுபத்து நான்கை எட்டியிருந்தார். பிறகு 1974-ல், உலகப் புகழ் பெற்றுவிட்ட பால், அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தில் செட் அட்கின்ஸ் போன்ற பெரிய வாத்தியக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு மெட்டைப் பதிவு செய்தார். 'வாக்கிங் இன் தி பார்க் வித் எலோயிஸ்' என்ற அந்த மெட்டு, ஜிம் பல ஆண்டுகளுக்கு முன் வீட்டுப் பியானோவில் கட்டியது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1976-ல் ஜிம் இறந்துபோனார். அப்பா உயிரோடு இருக்கும்போதே அதைச் செய்தாரே என்று எனக்குத் தோன்றும்.

பீட்டில்ஸின் இன்னொரு பிள்ளை கதையும் உண்டு. அக்குழுவின் டிரம்ஸ்காரர் ரிங்கோ ஸ்டாரின் மகன் ஜாக் ஸ்டார்க்கிக்குப் பிடித்தது அப்பாவின் குழு அன்று, 'தி ஹூ'. அதன் டிரம்ஸ்காரர் கீத் மூனைத்தான் அவர் முன்மாதிரியாகக் கொண்டார். 1996 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அந்தக் குழுவுக்கே வாசித்தார். இடையில் அப்பாவின் குழுவோடும் சேர்ந்து வாசித்திருக்கிறார். உலகமே கொண்டாடும் அப்பாவுக்கே இந்தக் கதி என்றால், மாதச் சம்பளம் வாங்கும் எங்கள் அப்பா வருத்தப்படுவதில் பொருளில்லை என்று அவரிடம் சொன்னேன். "நீ போய்ப் படி" என்றார்.

தவக்காலம் தொடங்கிய வாரத்தில், அண்ணன் அம்மாவின் கைப்பேசிக்கு ஒரு பாட்டு அனுப்பினான். 'அப்பாவுக்கு' என்று மட்டும் எழுதியிருந்தான். டேம் இம்பாலாதான். 2020-ல் வெளிவந்த தொகுப்பில் உள்ள பாட்டு. கெவின் பார்க்கரின் தந்தை 2009-ல் இறந்தார். இறந்துபோன அந்தத் தந்தையோடு மகன் பேசுவதுதான் பாட்டு. முன்பாதியில் மகனுக்குக் கோபம்; பின்பாதியில் அப்படியில்லை. ஆறு நிமிடத்துக்குக் கொஞ்சம் அதிகம். அப்பாவின் பொறுமைக்கு அது நீளம்தான்.

மாலையில் நான் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா காதில் கருவியை மாட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்து கேட்டார். முடிந்ததும் எழுந்திருக்கவில்லை. மறுபடி முதலிலிருந்து வைத்தார் என்பது அவர் கால் தாளம் போட்டதில் தெரிந்தது. அப்புறம் அம்மாவின் கைப்பேசியிலிருந்தே அண்ணனை அழைத்தார்.

"ஏல, அந்த ஆளு டிரம்ஸையும் அவனேதான் வாசிக்கானா?"

அந்தப் பக்கம் அண்ணன் நெடுநேரம் ஏதோ விளக்கினான். அப்பா 'உம்' கொட்டிக்கொண்டே இருந்தார்.

"பாட்டு எனக்குப் பிடிக்கல கேட்டியா" என்று கடைசியில் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அண்ணனும் சிரித்திருக்க வேண்டும். கீழிருந்து அம்மா, துணி எடுக்க இவ்வளவு நேரமா என்று கூப்பிட்டதால் மீதியை நான் கேட்கவில்லை.